காணொளியைப் பார்க்காமல் வகுப்புக்கு வருகிறார்கள்: கலப்புக் கற்றலை எப்படி நடத்துவது?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்துகிறேன். ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்துரு கூறியதை ஒட்டி, எங்கள் துறையிலும் நேரடி வகுப்பையும் இணையவழிப் பாடத்தையும் சேர்த்து நடத்தும் கலப்புக் கற்றலைத் தொடங்கியிருக்கிறோம். கிர்க்காஃப் விதிகள், தெவினின் தேற்றம் ஆகியவற்றுக்கு, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லின் காணொளிகளை முதல் நாளே வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிவிட்டு, வகுப்பில் கணக்குகளை மட்டும் போட வைப்பது என்பது என் திட்டம்.

நடப்பது வேறாக இருக்கிறது. பாதிப் பேர் காணொளியைப் பார்க்காமலேயே வருவதால், விதியை மறுபடியும் கரும்பலகையில் விளக்க வேண்டியதாகிறது. பார்த்துவிட்டு வந்தவர்கள் சலிப்புடன் உட்கார்ந்திருக்கிறார்கள். மீண்டும் விளக்குவது சரியா, அல்லது பார்த்ததற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் கொடுத்துக் கட்டாயப்படுத்தலாமா? இம்முறையைச் சில பருவங்களாவது கடைப்பிடித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரும்பலகை

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். மீண்டும் விளக்கவே கூடாது என்பது என் கருத்து. பார்க்காதவர்களுக்காக ஒருமுறை விளக்கிவிட்டால், அடுத்த வாரம் பார்த்தவர்களும் பார்க்காமல்தான் வருவார்கள். ஆசிரியர் எப்படியும் சொல்லித்தருவார் என்று தெரிந்த பிறகு, இரவில் ஒரு மணி நேரத்தை அதற்குச் செலவிட யாருக்கு மனம் வரும்?

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து நடத்திவந்த முறையைப் பாருங்கள். அவர் வகுப்புக்கு முன் கொடுத்தது காணொளி அன்று, பாடநூலின் சில பக்கங்கள். படித்துவிட்டு வந்தார்களா என்பதைச் சிறு வினாக்களால் அறிந்துகொள்வார். வகுப்பில் சுருக்கமான விளக்கத்துக்குப் பின் கணக்குப் போடத் தேவையில்லாத, ஆனால் கருத்துப் புரிந்தால்தான் விடை சொல்லக்கூடிய ஒரு வினாவைத் திரையில் காட்டி, ஒவ்வொருவரையும் தனியாக விடையளிக்கச் சொல்வார். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், அருகில் இருப்பவருடன் வாதாடிவிட்டு மறுபடியும் விடையளிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் மட்டுமே ஆசிரியர் திரும்பவும் விளக்குவார்.

உங்கள் பாடத்துக்கே பொருந்தும் வினா ஒன்று அவரிடம் உண்டு. ஒரே மாதிரியான மூன்று மின்விளக்குகள் ஒரு மின்கலத்துடன் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. சுவிட்சை மூடினால் ஒவ்வொரு விளக்கின் ஒளியும் என்னவாகும்? மூன்றாவது அணைந்து மற்ற இரண்டும் கூடுதலாக ஒளிரும். இரண்டு கண்ணிகள் (மூடிய மின்பாதைகள்) கொண்ட சுற்றுக்குச் சமன்பாடு எழுதி மின்னோட்டத்தைச் சரியாகக் கண்டுபிடித்த மாணவர்கள் பலரும் இத்தகைய வினாவில் தடுமாறியதை மசூர் பதிவுசெய்திருக்கிறார். நம் பல்கலைக்கழகத் தேர்வுகள் முதல் வகைக் கணக்கை மட்டுமே கேட்பதால் இந்தக் குறை நமக்குத் தெரிவதில்லை.

கருவி எதுவும் வேண்டாம். அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும். மதிப்பெண் கொடுப்பதானால், பார்த்ததற்குக் கொடுக்காதீர்கள், வகுப்பின் முதல் ஐந்து நிமிடத் தேர்வுக்குக் கொடுங்கள். காணொளியை ஓடவிட்டுவிட்டுத் தூங்குவது எல்லோருக்கும் தெரிந்த கலை.

ஆடிப்பெருக்கு

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். இதே மின்சுற்றுப் பாடத்தில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தது. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் காணொளிகளை எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் வீட்டில் பார்த்துவிட்டு வந்த மாணவர்கள், வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியில் சிறு குழுக்களாக உட்கார்ந்து ஆசிரியரின் மேற்பார்வையில் கணக்குகளைத் தீர்த்தார்கள். அந்தப் பிரிவில் 91 சதவீதத்தினர் தேர்ச்சி பெற்றார்கள். வழக்கமான பிரிவுகளில் தேர்ச்சி 60 சதவீதத்தைத் தொடவில்லை.

அதே பல்கலைக்கழகம் 2013இன் தொடக்கத்தில் உடாசிட்டி என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து, நேரடி வகுப்பே இல்லாமல், கணிதத்தையும் புள்ளியியலையும் முழுக்க இணையத்தில் நடத்தியது. தேர்ச்சி மிகவும் குறைந்ததால் அவ்வாண்டு ஜூலையில் அத்திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அதில் சேர்ந்த பள்ளி மாணவர்கள் சிலரின் வீட்டில் கணினியே இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. இரண்டு திட்டங்களிலும் பாடமும் மாணவர்களும் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் முதல் திட்டத்தின் வெற்றியைக் காணொளியின் கணக்கில் எழுதுவது தவறு என்றே கருதுகிறேன். ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது கணக்குப் போட்டதுதான் அங்கே வேலை செய்திருக்கிறது.

நிலாமுற்றம்

நான் மாணவி, ஐயாக்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஒரு பாடத்துக்கு மட்டும் காணொளி வந்தால் நாங்கள் பார்த்துவிடுவோம். ஆறு பாடங்களுக்கும் வருகிறது. காலை முதல் மாலை வரை உள்ள கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூடக் குறையவில்லை. 40 சதவீதம் இணையத்துக்குப் போனால் அதற்கு ஈடான வகுப்பு நேரம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டுமல்லவா? எங்கள் கல்லூரியில் இது கலப்பாக இல்லை, கூடுதல் சுமையாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு கலப்புக் கற்றலுக்குச் சாதகமாக இருந்தாலும், அம்முறையில் படித்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சிப் பொருள்களும் கிடைத்திருந்தன என்று அதை எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, என்பிடெல் விரிவுரைகள் பல ஒரு மணி நேரத்தை நெருங்குபவை. எட்எக்ஸ் தளத்தின் பார்வைப் பதிவுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீண்டாலும் மாணவர்கள் பார்க்கும் இடைநிலை நேரம் (பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப் பேர் கூடுதலாகவும் பார்க்கும் அளவு) 6 நிமிடங்களைத் தாண்டவில்லை. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பார்க்க வேண்டும் என்று குறித்து அனுப்பினாலே பாதிச் சிக்கல் தீரும். விடுதியில் வைஃபை எட்டாத அறைகளும், அன்றைய டேட்டா மாலையிலேயே தீர்ந்துவிடும் தோழிகளும் உண்டு. அவர்களுக்கு இரண்டு பக்கப் பிடிஎஃப் இருந்தால் போதும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. நிலாமுற்றம் எழுப்பிய கால அட்டவணைச் சிக்கலை நான் தனியாகத் தீர்க்க முடியாது. அடுத்த துறைக் கூட்டத்தில், எந்த வாரம் எந்தப் பாடத்துக்குக் காணொளி என்று ஆசிரியர்கள் முறைவைத்துக்கொள்ளலாம் என்று கேட்கப் போகிறேன். தெவினின் தேற்றத்துக்கு, பாடநூல் பக்கங்களையும் காணொளியின் குறித்த பகுதியையும் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடத் தேர்வுடன் வகுப்பைத் தொடங்க இருக்கிறேன். மாறுமின்னோட்டச் சுற்றுகளுக்கு, குறிப்பாகக் கட்ட வேறுபாடு புரிந்ததா என்று சோதிக்க, மூன்று விளக்கு வினாவைப் போன்ற வினாக்கள் யாரிடமாவது இருந்தால் இங்கேயே பகிருங்கள்.