கலைச்சொல் வேண்டும்: ஆடிக்கொண்டே பயிற்சி கொடுப்பவருக்கு என்ன பெயர்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் சிறுநகர லீகுகளின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் எடுத்துக்கொண்டது ஓவன்ஸ்-மரே லீக். விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையும், மரே ஆற்றுக்கு அக்கரையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் சில ஊர்களும் சேர்ந்த லீக் அது. 1893-ல் தொடங்கியது. கோல், மார்க், பிஹைண்ட் போன்ற ஆட்டச் சொற்கள் எல்லாவற்றையும் ஒருவாறு சமாளித்துவிட்டேன். 'கேப்டன்-கோச்' (அணித்தலைவராக ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுப்பவர்) என்ற இடத்தில்தான் வண்டி நிற்கிறது. 'தலைவர்-பயிற்சியாளர்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் அதைத் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். தினமும் செய்தித்தாள் படிக்கிற யாரும் அப்படித்தான் மாற்றுவார்கள்.

கட்டுரையில் இந்தச் சொல் பக்கத்துக்கு நான்கு முறை வருகிறது. குறிப்பாக 1945-க்குப் பிறகான முப்பது ஆண்டுகளை இது இல்லாமல் எழுதவே முடியாது. யோசனை சொல்லுங்கள்.

மடல் 2

> 'தலைவர்-பயிற்சியாளர்' என்று எழுதினேன்

தம்பி, சொல்லைத் தேடுவதற்கு முன்னால் அந்த ஆள் யார் என்று குழுவுக்குச் சொல்லிவிடலாம். இங்கே பலருக்குக் கிரிக்கெட் பயிற்சியாளர்தான் கண்முன் வருவார்: தொப்பி, கறுப்புக் கண்ணாடி, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி. ஓவன்ஸ்-மரே ஊர்கள் ஏங்கிக் காத்திருந்த ஆள் அவர் இல்லை.

மெல்போர்னில் பெரிய ஆட்டக்காரராக இருப்பார். வயது இருபத்தேழு, முப்பது. இன்னும் நான்கைந்து பருவம் அங்கேயே ஆடலாம். ஆனால் அங்கே காசு இல்லை. மெல்போர்னின் பெரிய லீகான விக்டோரியக் கால்பந்து லீக் 1930-ல் கூல்ட்டர் விதி என்று ஒன்று கொண்டுவந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் ஓர் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பிறகு அந்தத் தொகை மெல்ல மெல்ல ஏறினாலும் உச்சவரம்பு என்பது போகவில்லை. நட்சத்திரத்துக்கும் நேற்று வந்த பையனுக்கும் ஏறக்குறைய ஒரே கூலி.

அந்த விதி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஓவன்ஸ்-மரே லீகின் பெரிய ஊரிலிருந்தே உதாரணம் உண்டு. ஆல்பரியில் வளர்ந்த ஹேடன் பண்டனை மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் கிளப் அழைத்துக்கொண்டது. கொடுப்பதாகச் சொன்ன பணம் விதியை மீறியது என்று தெரிந்ததும் விக்டோரியக் கால்பந்து லீக் அவருக்கு அனுமதி மறுத்தது. 1930 பருவம் முழுக்க வீணாயிற்று. 1931-ல் ஆட விட்டார்கள். வந்த முதல் ஆண்டே லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம், அடுத்த ஆண்டும் அதே, 1935-ல் மூன்றாவது.

ஊர்ப்புற லீகுகளில் கதை வேறு. வாங்கரட்டாவில் ஆலைகள், யாரவோங்காவைச் சுற்றிக் கோதுமை, ரதர்க்ளெனில் திராட்சைத் தோட்டமும் ஒயினும், மிர்ட்டில்ஃபோர்டில் புகையிலை. ஊர்க் கடைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் கிளப் கமிட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். மெல்போர்ன் நட்சத்திரத்தை 'எங்கள் கோச்' என்று அழைத்து நல்ல சம்பளம் பேசுவார்கள். கூடவே வேலை, வீடு, சில சமயம் ஒரு கடைக்கு முதல். பதவியின் பெயர் பயிற்சியாளர். அழைத்ததோ, சனிக்கிழமை பிற்பகல் அவரே களத்தில் இறங்கி ஆடுவார் என்பதற்காக.

இதில் இரண்டு பேரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மேக் ஹோல்ட்டன் மெல்போர்னின் காலிங்வுட் அணியில் ஆடியவர். 1949-ல் வாங்கரட்டாவுக்கு வந்தார். 1949, 50, 51, 52 என்று வரிசையாக நான்கு பட்டம். ஊர் அவரை விடவில்லை, அவரும் ஊரை விடவில்லை. 1958-ல் அந்தப் பகுதியான இண்டி தொகுதியில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். 1977 வரை உறுப்பினர், இடையில் மத்திய அமைச்சர். பயிற்சியாளர் பதவி ஒரு மனிதனை ஊருக்குள் எந்த அளவுக்குக் கொண்டுபோய் வைத்தது என்று பாருங்கள். (ஆட்டக்காரர் அரசியலுக்குப் போவதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.)

அடுத்தவர் பாப் ரோஸ். காலிங்வுட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கியவர். 1953-ல் அந்த அணி பட்டம் வென்றபோது முன்னால் நின்றவர். 1955 பருவம் முடிந்ததும், இருபத்தேழு வயதில், கிளம்பிவிட்டார். போனது வாங்கரட்டா ரோவர்ஸ் அணிக்கு. அதே ஊரின் இன்னோர் அணி அது. இந்த லீகுக்குள் வந்ததே 1950-ல்தான். பக்கத்து அணி ஹோல்ட்டனை வைத்து நான்கு பட்டம் அடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்த கிளப். ரோஸ் அங்கே விளையாட்டுச் சாமான் கடை வைத்தார். பகலில் கடை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். 1958-லும் 1960-லும் ரோவர்ஸ் பட்டம் வென்றது. அதன் பிறகு காலிங்வுட்டுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். 1964-ல் நான்கு புள்ளியிலும் 1966-ல் ஒரே புள்ளியிலும் இறுதியாட்டத்தைத் தோற்றார். 1970-ல் பாதி ஆட்டத்தில் 44 புள்ளி முன்னால் இருந்து தோற்றார். காலிங்வுட்காரர்களுக்கு அது இன்றைக்கும் வலி. வாங்கரட்டாவிலோ மனிதர் இரண்டு பட்டம் வென்றவர்.

இன்னும் பலர். யாரவோங்காவுக்கு 1959-ல் பட்டம் வாங்கிக் கொடுத்த பில்லி ஸ்டீபன் ஃபிட்ஸ்ராய்க்காரர். ஆல்பரியில் மர்ரே வைடமன். ரோவர்ஸுக்கு 1964, 65 பட்டங்களைக் கொண்டுவந்த கென் பாய்ட், சவுத் மெல்போர்னிலிருந்து வந்த முரட்டு ஆள்.

ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் 'பயிற்சியாளர்' முன்னால் தெரிய வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தம் அதற்குத்தான். 'ஆடுகிறவர்' என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் காசு அதற்குத்தான். 'அணித்தலைவர்' மூன்றாம்பட்சம். பெரும்பாலும் அவரே தலைவர், ஆனால் எப்போதும் இல்லை. தலைவர் பொறுப்பை உள்ளூர்ப் பையனிடம் விட்டுவிட்டு ஆடியவர்களும் இருப்பார்கள்.

என் பரிந்துரை: ஆடுபயிற்சியாளர். வினைத்தொகை. முன்பு ஆடிய, இப்போது ஆடுகின்ற, இனியும் ஆடும் மூன்றுமே அதற்குள் இருப்பதால் வல்லினம் மிகாது.

மடல் 3

ஐயா, விளக்கம் அருமை. சொல்தான் கொஞ்சம் இடிக்கிறது. ஆடுபயிற்சியாளர் என்றதும் எனக்கு மந்தைதான் கண்ணில் பட்டது. அவசரத்தில் யாராவது 'ஆட்டுப் பயிற்சியாளர்' என்று தட்டிவிட்டால் கதை கந்தல்.

நம் கூத்திலேயே இந்த ஆள் இருக்கிறாரே. தெருக்கூத்துக் குழுவில் வாத்தியார் என்பவர் சொல்லிக்கொடுப்பவர் மட்டும் இல்லை. முடி கட்டிக்கொண்டு அவரே வேஷமும் ஏறுவார். குழுவின் பெயர் அவர் பெயரில் நிற்கும். 'ஆட்ட வாத்தியார்' என்று வைத்தால் என்ன?

மடல் 4

'ஆட்ட வாத்தியார்' கேட்க நன்றாக இருக்கிறது. கலைக்களஞ்சியக் கட்டுரையில் நிற்காது. வாத்தியார் என்றால் பள்ளிக்கூட ஆசிரியர், மிஞ்சினால் எம்.ஜி.ஆர். பாப் ரோஸ் பற்றிப் படிக்கிறவருக்கு இரண்டுமே குழப்பம்.

களத்தில் இருந்துகொண்டே சொல்லித்தருபவர், அதனால் 'களப் பயிற்சியாளர்' என்று நான் சொல்வேன். எளிமை, நேரடி.

மடல் 5

> 'களப் பயிற்சியாளர்' என்று நான் சொல்வேன்

அக்கா, அது ஏற்கெனவே வேறிடத்தில் மாட்டிக்கொண்டது. கிரிக்கெட் செய்திகளில் களத்தடுப்புப் பயிற்சியாளர் என்று ஒருவர் இருக்கிறார். சமூகப் பணியில் களப்பணியாளர், களப்பயிற்சி. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஆட்டத்தில் எல்லாப் பயிற்சியாளரும் களத்துக்குள் போகிறவர்கள்தான். நான்கு கால்பகுதிகள், முதல் கால்பகுதி முடிந்ததும், மூன்றாவது முடிந்ததும் அணி மைதானத்திலேயே வட்டமாகக் கூடும். ஆடாத பயிற்சியாளரும் வேலி தாண்டி உள்ளே நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார். ஊர் ஆட்டங்களில் ரசிகர்களும் பின்னாலேயே போய், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, திட்டு யாருக்கு விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். எனவே களத்தில் நிற்பது இவரைப் பிரித்துக் காட்டாது. ஆடுவதுதான் காட்டும்.

இதைச் சொல்லும்போது, அந்தக் காலத்து விதியையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்வேன். ஓர் அணியில் 18 பேர். மாற்று ஆட்டக்காரர் ஒருவர், பிறகு இருவர், அவ்வளவுதான். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. உள்ளே வெளியே என்று மாறி மாறி ஆடும் இப்போதைய முறை மெல்போர்ன் லீகில் 1978-ல்தான் வந்தது. ஆக, ஆடுகிற பயிற்சியாளர் கொஞ்சம் வெளியே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்போம் என்று நினைத்தால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. 36 பேர் ஓடுகிற பெரிய நீள்வட்ட மைதானம். பந்துக்கு நடுவில் நின்றுகொண்டு, மறுமுனையில் தன் ஆள் எங்கே தவறாக நிற்கிறான் என்பதையும் பார்த்தாக வேண்டும். மெல்போர்னில் இந்த முறை ஒழிந்ததற்கு இது பெரிய காரணம் என்பது என் கருத்து. 1979-ல் கார்ல்டனுக்குப் பட்டம் வென்ற அலெக்ஸ் ஜெசலென்கோதான் அங்கே அப்படி ஆடிக்கொண்டே வென்ற கடைசி ஆள். ஊர் லீகுகளில் இன்றும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

மந்தைப் பிரச்சினைக்கு: 'ஆடுகளம்' என்று தினமும் எழுதுகிறோம், யாரும் புல் மேய்கிற களம் என்று படிப்பதில்லை. பழகினால் போதும். என் ஓட்டு ஐயாவின் சொல்லுக்கு.

மடல் 6

(மடல் 1 எழுதியவன்.)

எல்லோருக்கும் நன்றி. வரைவில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். 'ஆடும் பயிற்சியாளர்' என்று பிரித்து எழுதினால் மந்தை வராது, ஆனால் வாக்கியத்தின் நடுவில் அது பெயராக நிற்காமல் நழுவுகிறது: "ரோவர்ஸின் ஆடும் பயிற்சியாளர் பாப் ரோஸ்" என்றால் அவர் அந்த நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிடுகிறது. "ரோவர்ஸின் ஆடுபயிற்சியாளர் பாப் ரோஸ்" என்றால் பதவி. எதிர்ச்சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது: ஆடாப் பயிற்சியாளர். அணித்தலைவரும் அவரே என்றால் 'அணித்தலைவரும் ஆடுபயிற்சியாளருமான' என்று நீட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சொல் கைக்கு வந்ததும் கட்டுரையின் பிற்பகுதியும் தானாக வரிசைக்கு வந்தது. 1968 முதல் 1986 வரை மெல்போர்ன் கிளப்புகளுக்கு, ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ள, நாட்டுப்புறத்தைப் பங்குபோட்டுக் கொடுத்திருந்தார்கள். ஓவன்ஸ்-மரே பகுதி நார்த் மெல்போர்னுக்கு. மிர்ட்டில்ஃபோர்டின் சாம் கெக்கோவிச், கரோவாவின் ஜான் லாங்மையர் போன்றவர்கள் அந்த வாய்க்கால் வழியே போனார்கள். ஆடுபயிற்சியாளர்கள் எதிர்த்திசையில் வந்தவர்கள். பெருநகரம் இளையவர்களை எடுத்துக்கொண்டது, முப்பது வயதுக்காரர்களைத் திருப்பி அனுப்பியது. சம்பளக் கட்டுப்பாடு தளர்ந்து மெல்போர்னிலேயே நல்ல காசு கிடைக்கத் தொடங்கியதும் அந்த வரத்து வற்றியது. ரோவர்ஸ் 1971-ல் தொடங்கி அடித்த முதல் சில பட்டங்களுக்கு நெவில் ஹோகன் என்ற உள்ளூர்க்காரரே பயிற்சியாளர்.

யாரவோங்காவில் 2012, 2013 பட்டங்களின்போது ஆடிய மெல்போர்ன் நட்சத்திரம் பிரெண்டன் ஃபெவோலாவை இந்த வகையில் சேர்க்கலாமா என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அவர் வந்தது ஆட மட்டும். பயிற்சியாளர் என்ற பெயரில் காசு கொடுக்க வேண்டிய தேவை அப்போது போய்விட்டது. ஆட்டக்காரர் என்றே வெளிப்படையாகக் கொடுக்கலாம். பிற்பாடு அதற்கும் சம்பள உச்சவரம்பும் ஆட்டக்காரருக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கும் வந்துவிட்டன.

மடல் 7

தம்பி, 'வாய்க்கால்' பத்தி நன்றாக வந்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும். ஒரு திருத்தம்: கரோவாவையும் ரதர்க்ளெனையும் வரைவில் தனித்தனி அணிகளாகவே கடைசி வரை கொண்டுபோகிறீர்கள். 1979-ல் இரண்டும் இணைந்தன. ஒன்று நியூ சவுத் வேல்ஸ் கரை, மற்றது விக்டோரியா. ஆறு நடுவில் ஓட, ஒரே அணி. 'இணைவு' போதும், 'ஒருங்கிணைப்பு' என்றெல்லாம் நீட்ட வேண்டாம்.

ஆடுபயிற்சியாளர் என்பதைச் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பயிற்சியாளரின் செய்தியை எடுத்துக்கொண்டு களத்துக்குள் ஓடும் ஆளுக்கு ('ரன்னர்') இன்னும் சொல் இல்லை. 'தூதோடி' என்று நினைத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இதில் எழுதினால் தேடும்போது கிடைக்காது.