சித்திரைக்குப் பட்டமா, நுங்கு வண்டிலா? கல்லடியில் பழைய விளையாட்டுச் சாமான் நாள்

கல்லடி மணல்:
சித்திரை வருசப்பிறப்பு லீவுக்குள்ள ஒரு பின்னேரம், மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில புள்ளைகளுக்குப் பழைய விளையாட்டுச் சாமான் நாள் ஒண்டு வைக்கிற யோசனை. 60 பேர், வயசு 8 இருந்து 12. ஆளுக்கொரு பட்டம். குழுவுக்குள்ள இப்பவே ரெண்டு கட்சி. ஒரு கட்சி, கடையில விக்கிற பொலித்தீன் பட்டத்தை வாங்கிக் குடுத்தாப் போதும் எண்டுது. மற்றக் கட்சி, ஈர்க்கும் ரிசுத்தாளும் (மெல்லிய பட்டத்தாள்) குடுத்து அவங்களையே கட்ட வைக்கணும் எண்டுது. கட்டித் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. "அந்தக் காலம் போல வராது" எண்டு மட்டும் எழுதிப்போட்டுப் போற ஆக்கள் தயவுசெய்து வேண்டாம்.

வட்டைக்காரன்:
கடைப்பட்டம் வாங்கிக் குடுக்கிறதெண்டா அதுக்கு ஒரு நாள் எதுக்கு? பட்டத்தில விளையாட்டு பாதி, கட்டுறது பாதி.

அளவு இது. ரிசுத்தாளில, மடிக்கிறதுக்கு ஓரத்தில அரை அங்குலம் கூட விட்டு, 18 அங்குலச் சதுரம் வெட்டுங்க. மூலைக்கு மூலை 25½ அங்குலம் வரும், அதுதான் நடு ஈர்க்கு. குறுக்கு வில்லுக்கு 29 அங்குலம். வில்லை வளைச்சு, ரெண்டு நுனிக்கும் இடையில 25½ அங்குலத்துக்கு நூல் நாண் கட்டினா, வில்லுட நடு, தலை மூலையில இருந்து 7 அங்குலம் கீழ வந்து நடு ஈர்க்கில இருக்கும். அந்த இடத்தில குறுக்கும் மறுக்குமா நாலு சுத்து, முடிச்சு. கூட விட்ட அரை அங்குல ஓரத்தை மடிச்சு ஒட்டுங்க.

முச்சைக்கு, அதாவது பறக்கவிடுற நூலைப் பட்டத்தோட சேர்க்கிற கட்டுக்கு, ரெண்டு இடம் போதும். ஒண்டு வில்லும் நடு ஈர்க்கும் சந்திக்கிற இடம், மற்றது வால் மூலைக்கு 4½ அங்குலம் மேல. நூலைக் கட்டிப்போட்டு முடிச்சுப் போட வேண்டிய இடத்தைப் பிடிச்சு, பட்டத்துட பக்க மூலைக்கு இழுங்க. முடிச்சு சரியா அந்த மூலையைத் தொடணும். மேல் கால் 14 அங்குலம், கீழ்க் கால் 15க்குக் கொஞ்சம் கூட. இதுக்கு அடிமட்டம் தேவையில்ல, பட்டமே அடிமட்டம்.

வால் பழைய சாறத்துணியில ஒரு அங்குல அகலம், 10 அடி. கூடினா அங்க வைச்சு வெட்டலாம், குறைஞ்சா ஒட்டுப்போட ஏலாம நிப்பீங்க.

சம்மாந்துறை நானா:
மச்சான், எழுத நல்லாத்தான் இரிக்கி. 60 புள்ளையும் ஒரு பின்னேரத்துக்குள்ள இதச் செய்யுமா? கணக்குப் பாருங்க. வெட்ட அரை மணித்தியாலம், கட்ட ஒரு மணித்தியாலம். கோதுமைமாப் பசை காய இன்னும் முக்கால் மணித்தியாலம், அதுவும் வெயில் இருந்தா. கடற்கரைக் காத்தில ஈரம். அஞ்சு மணி தாண்டினா ரிசுத்தாள் தொய்ஞ்சு, பட்டம் நனைஞ்ச கோழிமாதிரி வந்து விழும். ஒரு விரல் பட்டாக் கிழிச்சல். கிழிஞ்ச புள்ள அழும், அழுற புள்ளைக்கு ஆர் பதில் சொல்ற?

பொலித்தீன் நனையாது, கிழியாது. ஈர்க்குத்தான் வேணுமெண்டா ஈர்க்குச் சட்டத்தில கடையில சாமான் போட்டுத் தாற சொப்பின் பேக்கை வெட்டி டேப் ஒட்டுங்க. பசை காயிற நேரம் மிச்சம்.

வட்டைக்காரன்:
நானா, நேரக்கணக்குச் சரி. அதுக்குத்தான் சட்டத்தை முதல்நாளே கட்டி வைக்கிற. புள்ளைகளுக்கு மிச்சம் ஒட்டுறதும், முச்சை போடுறதும், வால் கட்டுறதும். காகிதம் தொய்யிறதும் உண்மைதான். மூண்டு மணிக்கு ஏத்தி அஞ்சுக்கு இறக்கினா அந்தப் பிரச்சினை வராது.

சொப்பின் பேக்கை மட்டும் ஒத்துக்கொள்ள ஏலாது. அது இழுபடும். வெயிலில டேப் வழுகும், பேக் இளகும், பட்டத்துட வயிறு ஒரு பக்கம் தொங்கும். அண்டைக்குப் பனையில மாட்டினது அடுத்த வருசமும் அதே பனையில கிழிஞ்சு ஆடிக்கொண்டு நிக்கும். ரிசுத்தாள் ஒரு மழையோட இல்லாமப் போகும்.

பசைக்கு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா, 100 மில்லிலீற்றர் தண்ணி. பச்சைத் தண்ணியில கரைச்சுப்போட்டு அடுப்பில வைங்க. சுடுதண்ணிக்குள்ள மாவைக் கொட்டினாக் கட்டி பிடிக்கும், அந்தக் கட்டியே ஒரு பக்கத்துக்குப் பாரம். நறுவிலிப்பழம் கிடைச்சாப் பிசுக்கி ஒட்டலாம். ஒட்டும், ஆனாக் காயாது, எறும்பு வரும். ஒரு நாளைக்குப் போதும்.

அக்கரைப்பற்று டீச்சர்:
இருவரும் ஒட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பட்டம் ஏறாமல் போவதற்கு முதல் காரணம் குறுக்கு வில்.

தென்னை ஈர்க்கு அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு. ஒரே ஈர்க்கை வில்லாக வளைத்தால் நுனிப்பக்கம் கூட வளையும், அடிப்பக்கம் விறைத்து நிற்கும். அப்படிக் கட்டிய பட்டம் ஏறியவுடன் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு தலைகீழாக மண்ணில் குத்தும். பிள்ளை காற்றைக் குற்றம் சொல்லும், பெரியவர்கள் வாலைக் குற்றம் சொல்வார்கள். செய்ய வேண்டியது, இரண்டு மெல்லிய ஈர்க்கை எடுத்து, ஒன்றின் அடியோடு மற்றதன் நுனியைச் சேர்த்து, மூன்று இடத்தில் கட்டுவது. பிறகு நடுவை ஒரு விரலில் வைத்துப் பாருங்கள். தராசு போல நிற்க வேண்டும். சாய்ந்தால், சாயும் பக்கத்தைப் பிளேட்டால் மெல்லச் சீவுங்கள்.

முற்றிய பச்சோலை ஈர்க்கைச் சீவி, நிழலில் நாலு நாள் தட்டையாகக் காயவிட வேண்டும். அன்றே கட்டினால் காயும்போது முறுகும். விழுந்த செத்தல் ஓலையின் ஈர்க்கு வளைக்கும்போதே முறியும்.

இன்னொன்று. சித்திரை மாதத்தில் பட்டமா? அதை யாரும் கேட்கவில்லையே.

கல்லடி மணல்:
டீச்சர், கடற்கரையில காத்தில்லாத நாள் எது?

அக்கரைப்பற்று டீச்சர்:
காற்று இருக்கும், ஒரு பக்கம் நிலைத்து நிற்காது. வாடை என்ற வடகிழக்குக் காற்று ஓய்ந்து, கச்சான் என்ற மேற்குக் காற்று தொடங்காத இடைக்காலம் அது. காலையில் ஓலை அசையாது. மதியத்துக்குப் பின் கடற்காற்று வரும், ஆனால் கிழக்கிலிருந்து தரைப்பக்கம் தள்ளும். கல்லடியில் தரைப்பக்கம் என்ன இருக்கிறது? தென்னை, வீடு, கரண்ட் கம்பி. அறுபது நூலும் அந்தப் பக்கம்தான் போகும்.

அதைவிடப் பெரியது இடி. சித்திரையில் பின்னேரம் மேற்கே கறுத்து வந்தால் அரை மணித்தியாலத்துக்குள் மின்னும். திறந்த மணலில் நூலைப் பிடித்துக்கொண்டு அறுபது பிள்ளைகளை நிறுத்த முடியாது.

வட்டைக்காரன்:
இடி விசயத்தில டீச்சரோட வாதமில்ல. அப்ப கச்சானுக்குத் தள்ளுங்க, ஆனி ஆடி. இடம் கடற்கரையும் இல்ல. கச்சான் மேற்கில இருந்து அடிக்கும். கல்லடியில அது வீட்டையும் மரத்தையும் தாண்டி வரக்குள்ள உடைஞ்சு சுழிக்கும், நூல் அறுந்தாப் பட்டம் கடலுக்குள்ள. வாவிக்கு மேற்க, படுவான்கரைக்கு வாங்க. வட்டையில (வயல்வெளியில) வேளாண்மை வெட்டினாப் புறகு நடுவில ஒரு மரமில்ல, காத்து முழுசா வரும்.

சம்மாந்துறை நானா:
எந்த வட்டை? ஆனி ஆடியில எங்கட பக்கம் சிறுபோகம் தண்ணிக்குள்ள நிக்கும். சேனநாயக்க சமுத்திரக் குளத்துத் தண்ணி பாயிற காணியில ரெண்டு போகம். வரம்பில ஓடிப் பட்டம் விட்டா, வயல்காரன் புள்ளையையும் பட்டத்தையும் சேர்த்துத் துரத்துவான். ஞாயமும்தான்.

வட்டைக்காரன்:
வாய்க்கால் தண்ணி பாயிற வட்டையைச் சொல்லல்ல நானா. உன்னிச்சை, நவகிரிக் குளத்துத் தண்ணி பாயிற காணியும் அப்பிடித்தான். மானாவாரிக் காணியைச் சொல்றன். மாரி ஒரு போகம்தான், வெட்டினாப் புறகு அடுத்த மாரி மட்டும் சும்மா கிடக்கும். உங்கட பக்கம் எண்டாச் சிறுபோகம் வெட்டி முடியிற ஆவணிக் கடைசியில வைங்க, கச்சான் அப்பவும் இரிக்கும். காணிக்காரரிட்டக் கேட்டுப்போட்டு இறங்கணும், அது வேற.

எழுவான்:
குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். பட்டத்தைத் தள்ளினாச் சித்திரைக்கு என்ன? நுங்கு வண்டில் செய்யுங்க. காத்தும் வேணாம், பசையும் வேணாம்.

ஒரு வண்டிலுக்கு, நுங்கு எடுத்த ஒரே அளவான ரெண்டு கோம்பை. பெரிசும் சின்னனும் போட்டா வண்டில் சின்னன் பக்கம் திரும்பிக்கொண்டே இரிக்கும். மூண்டு கண்ணுக்கும் நடுவில கூராக்கின தடியை நேராக் குத்துங்க. துளை கால் அங்குலம் விலகினாலும் சில்லு நொண்டும். அச்சுக்கு 9 அங்குலத் தடி, சில்லுக்கிடையில 5 அங்குலம். தள்ளுறதுக்கு 4 அடிக் கவர்த்தடி. அச்சு கோம்பையில இறுக்கமா நிக்கணும், கவரில லேசா நிக்கணும். இதைத்தான் எல்லாரும் மாறிச் செய்யிற. கவர் இறுகினாச் சில்லு சுத்தாது, மண்ணை உழுதுகொண்டு போகும். கவருக்குள்ள ரெண்டு துளி தேங்காயெண்ணை விட்டாச் சரி.

வெட்டின அண்டைக்கே செய்யணும். ரெண்டு நாள் போனாக் கோம்பை சுருங்கும், துளை இளகும், ஓடக்குள்ள சில்லுக் கழண்டு ஓடும்.

60 வண்டிலுக்கு 120 கோம்பை. கோம்பைக்கு மூண்டு கண் எண்டு பாத்தா 360 நுங்கு. தீன் பிரச்சினையும் முடிஞ்சுது.

கல்லடி மணல்:
தீனுக்குக் கச்சான் (காத்தில்ல, நிலக்கடலை) வறுக்கிற திட்டம் இருந்த. கடற்கரை மண் தாராளமா இருக்கே எண்டு.

எழுவான்:
கடல்மண் வேண்டாம். சிப்பித்தூள் கலந்திருக்கும், கோதோட ஒட்டிப் பல்லில அகப்படும். ஆத்துமண்ணை அரிச்சுக் கழுவிக் காயவைச்சு எடுங்க. கச்சானை உப்புத்தண்ணியில அரை மணித்தியாலம் ஊறவிட்டா, வறுக்க முதல் கோது நல்லாக் காயணும். ஈரத்தோட தாச்சியில போட்டா மண் அப்பிக்கொள்ளும். பருப்பு லேசாச் சிவக்கக்குள்ளயே அரிச்சு எடுங்க, வெளிய எடுத்தாப் புறகும் உள்சூட்டில வேகும். தாச்சியிலயே முழுசாச் சிவந்தா, காகிதச் சுருளுக்குள்ள போகக்குள்ள கருகின மணம்தான்.

சம்மாந்துறை நானா:
நுங்கு வண்டில் நல்ல யோசினை. ஆனாக் கடற்கரை மணலில அது ஒரு முழம் ஓடாது. புதையும். ஒருத்தரும் யோசிக்கல்லயா?

எழுவான்:
அதுவும் சரிதான். இறுகின தரை வேணும். மைதானம், இல்லாட்டி வாவிக்கரையில காந்திப் பூங்காப் பக்கம் கல்லுப் பதிச்ச நடைபாதை. றோட்டு வேண்டாம்.

கல்லடி மணல்:
கல்லடியை விட மனமில்ல. பொழுதுபட்டாப் புறகு 1924இல திறந்த பழைய பாலத்தடியில புள்ளைகளுக்கு மீன்பாட்டு, அதான் வாவிக்குள்ள மீன் பாடுதெண்டு சொல்ற சத்தம், காட்டலாம் எண்டும் ஒரு யோசினை இருந்த.

அக்கரைப்பற்று டீச்சர்:
கரையில் நின்றால் கேட்காது. 2013இல் திறந்த புதுப்பாலம் பக்கத்திலேயே இருக்கிறது, வாகனச் சத்தம் ஓயாது. தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைக்க வேண்டும். நிலவு முழுதாக இருக்கும் நாள், காற்றும் அலையும் அடங்கிய பின்னிரவு. அறுபது பிள்ளைகளுக்குத் தோணி எத்தனை, பாதுகாப்பு அங்கி எத்தனை? அதை விட்டுவிடுங்கள்.

வட்டைக்காரன்:
சித்திரைக்கு நுங்கு வண்டில், ஆடிக்குப் பட்டம். எனக்குச் சம்மதம். பட்டத்துக்கு நூல் மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். பருத்தித் தையல் நூல், 40ஆம் நம்பர். தங்கூசி (நைலோன் நூல்) வேண்டாம். விரலை அறுக்கும், குருவியை அறுக்கும், உக்காது. கம்பியில மாட்டினா நூலை விட்டுப்போட்டு வரச் சொல்லுங்க. மேல போறது 33,000 வோல்ட்டா வீட்டு லைனா எண்டு புள்ளைக்குத் தெரியாது.

ஏறினாப் புறகு முச்சை பாக்கணும். பட்டம் பதிவா நிண்டு நூலை மட்டும் இழுத்தா, முடிச்சுக் கீழ கிடக்கு. கால் அங்குலம் மேல தள்ளுங்க. தலைக்கு மேல வந்து இழுவை இல்லாமச் சளசளத்தா, முடிச்சு மேல கிடக்கு, கீழ இறக்குங்க. ஒரே பக்கம் சரிஞ்சா, எதிர்ப்பக்க மூலையில ஒரு துண்டு நூல் சுத்துங்க. சும்மா சுழண்டா வால் காணாது.

சம்மாந்துறை நானா:
காத்தில ஒலிக்கிற விண் பூட்டலாமா? சத்தம் கேட்டாத்தானே பழைய பட்டம்.

வட்டைக்காரன்:
18 அங்குலத்துக்கு விண் பூட்டுறது கோழிக்குஞ்சு முதுகில நெல்லு மூட்டை ஏத்துற மாதிரி. ஆளுயரப் பட்டம் ஒண்டு, பெரிய ஆக்கள் கட்டட்டும். மூங்கில் சட்டம், கமுகஞ் சிலாகையில விண்வில்லு, உரபேக் நார் இழுத்துக் கட்டினாப் போதும். நார் முறுகாமத் தட்டையா நிக்கணும், முறுகினா ஊமை.

சம்மாந்துறை நானா:
சரி. ஆனா ஒவ்வொரு புள்ளைக்கும் பக்கத்தில ஒரு பொலித்தீன் பட்டம் மடிச்சு வைங்க. கிழிஞ்சா எடுத்துக் குடுக்கலாம்.

வட்டைக்காரன்:
கிழிஞ்சா ஒட்டப் பழகட்டும் நானா. ரிசுத்தாள் 70 வாங்கினா 10 மிச்சம்.

சம்மாந்துறை நானா:
60 புள்ளைக்கு 10 தாளா? 90 வாங்குங்க. புறகு கதைப்பம்.

கல்லடி மணல்:
90 தாள் எழுதியாச்சு. ஈர்க்கு நடுவுக்கு 60, வில்லுக்கு 60, மொத்தம் 120 சரிதானே?

அக்கரைப்பற்று டீச்சர்:
வில்லுக்கு 120. அடியும் நுனியும் மாற்றி, இரண்டிரண்டாக. முறிவதற்கும் சேர்த்து மொத்தம் 220 வெட்டுங்கள், நாலு நாள் முன்னதாக.

கல்லடி மணல்:
220. எழுதியாச்சு.