ஆன்டிபாடி அளவும் கொரோனா வந்த விதமும்: உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?

திருச்சி_லேப்காரி எழுதியது:

2020 கடைசியிலிருந்து 2021 முழுக்க ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கொரோனா ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) பார்க்கும் பிரிவில் இருந்தேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நம்பர் நல்லா இருக்கா?" ஹீமோகுளோபின் கூடினால் நல்லது, சர்க்கரை குறைந்தால் நல்லது என்று பார்த்துப் பழகியவர்கள் இதையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

ஒரு தம்பதி இன்னும் நினைவில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில்தான் தொற்று. கணவர் ஐசியு வரை போய், ஆக்ஸிஜனும் ஸ்டீராய்டும் ஏறி மீண்டவர். மனைவிக்குத் தொண்டைக் கரகரப்பும் வாசனை தெரியாமல் போனதும் மட்டும்தான். குணமான பிறகு சேர்ந்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். கணவருடைய அளவு மெஷின் காட்டக்கூடிய உச்சத்தைத் தாண்டிவிட்டது. மனைவியுடையது பாஸிட்டிவ் என்று சொல்வதற்கான கட்-ஆஃபுக்குச் சற்று மேலே. அந்த அம்மா பதறிவிட்டார். "எனக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையாம்மா? அடுத்த தடவை என்னைத்தான் கொண்டுபோகுமா?"

அவரை உட்காரவைத்துப் பேசினேன். அந்த மாதிரி ரிப்போர்ட்டை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். கடுமையாகப் படுத்து எழுந்தவர்களுக்கு அளவு கூடுதல், லேசாக வந்து போனவர்களுக்குக் குறைவு. எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலும் அப்படித்தான். சீனாவில் சோங்சிங் மாநகரைச் சேர்ந்த வான்ஜோ பகுதியில், அறிகுறியே இல்லாத 37 பேரையும் அறிகுறி இருந்த 37 பேரையும் ஒப்பிட்டு 2020 ஜூனில் ஒரு ஆய்வு வெளிவந்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கு ஐஜிஜி வகை ஆன்டிபாடியின் அளவு குறைவாகவே இருந்தது. குணமாகி இரண்டு மாதத்துக்குள் அவர்களில் 40 சதவீதம் பேருக்கு டெஸ்டில் ஆன்டிபாடியே தெரியவில்லை. அறிகுறி இருந்தவர்களில் அப்படி ஆனது 12.9 சதவீதம்தான்.

வைரஸ் நிறையப் பெருகி நாள்கணக்கில் உடம்பில் தங்கினால், ஆன்டிபாடி செய்யும் பி செல்களுக்கு அதை அடையாளம் கண்டு பெருக அவ்வளவு அவகாசமும் அவ்வளவு தூண்டுதலும் கிடைக்கிறது. அதனால் ஆன்டிபாடி குவிகிறது. மூக்கு, தொண்டையோடு விரட்டப்பட்டுவிட்டால் அந்த அளவுக்குத் தேவையே வருவதில்லை. அந்த அம்மாவின் உடம்பு தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது என்றுதான் அவரிடம் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது, ரிப்போர்ட் என்ன சொன்னது என்று எழுதுங்கள்.


கோவை_மகன் எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வதைப் படித்ததும் 2021 மே மாதம் கண்முன் வந்துவிட்டது. அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் இறங்கத் தொடங்கியதும் பெட் தேடி அலைந்து ஒரு வழியாகச் சேர்த்தோம். இரண்டாவது வாரம் நிலைமை மோசமானபோது, கொரோனாவிலிருந்து மீண்டவரின் ஆன்டிபாடி உள்ள பிளாஸ்மா ஏற்பாடு செய்யச் சொல்லி ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அதன் பிறகு நாங்கள் தூங்கவே இல்லை. வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் ரத்த வகையைப் போட்டுக் கெஞ்சினோம். முன்பின் தெரியாத ஒரு பையன் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

அப்பா திரும்பி வரவில்லை.

பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்திய பிளாசிட் ஆய்வின் முடிவு 2020 அக்டோபரிலேயே வெளிவந்திருக்கிறது. 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். நோய் முற்றியது அல்லது இறந்தது என்று பார்த்தால், பிளாஸ்மா கொடுத்தவர்களில் 19 சதவீதம், கொடுக்காதவர்களில் 18 சதவீதம். வித்தியாசமே இல்லை. அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பிளாஸ்மா ஏற்றும் முன்பே ரத்தத்தில் சொந்த ஆன்டிபாடி இருந்திருக்கிறது. 2021 மே 17-ம் தேதி மத்திய அரசு தன் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தே பிளாஸ்மாவை எடுத்துவிட்டது. அதற்குள் எத்தனை குடும்பம் எங்களைப் போல ராத்திரி முழுக்க போன் போட்டுக்கொண்டிருந்ததோ.

அப்பாவுக்கு இறப்பதற்கு முன் எடுத்த ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்திருந்தார்கள். நன்றாகவே இருந்தது. ஆன்டிபாடி அவ்வளவு இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கேள்வி. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


லெஸ்டர்_டாக்டர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியை நான் அந்த வருடம் வார்டில் தினமும் சந்தித்தேன். இங்கிலாந்தில் ஒரு பொது மருத்துவமனையின் கொரோனா வார்டில் வேலை பார்த்தேன். எங்கள் நோயாளிகள் பலர் ரிகவரி ஆய்வில் சேர்ந்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு அது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்பதைக் கண்டுபிடித்ததும் அதுவே.

அந்த ஆய்வின் ஒரு பகுதியில், ஆய்வகத்தில் தயாரித்த இரண்டு ஆன்டிபாடிகளைக் கலந்து நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 9,785 பேர். ஆய்வில் சேரும் அன்றே, ரத்தத்தில் சொந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சேரும்போது ஆன்டிபாடி இல்லாதவர்களில் 28 நாளுக்குள் இறந்தது 30 சதவீதம். ஏற்கெனவே இருந்தவர்களில் அதில் பாதி, 15 சதவீதம். வெளியிலிருந்து ஆன்டிபாடி ஏற்றியதும், இல்லாதவர்களிடம் அந்த 30 என்பது 24 ஆகக் குறைந்தது. சொந்தமாக இருந்தவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை.

இதையும் லேப்காரி அம்மா சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். குணமானவர்களிடம் பின்னால் அளந்தால் கடுமையாகப் படுத்தவர்களுக்கு அளவு கூடுதல். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது அளந்தால், இன்னும் ஆன்டிபாடி வராதவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முரண்பாடு போலத் தெரியும், முரண்பாடு இல்லை. எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினரும் இதையே பார்த்தார்கள். அறிகுறி தொடங்கி 14 நாளுக்குள் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி உருவானவர்கள் மீண்டார்கள். அதற்குப் பிறகு அளவு எவ்வளவு ஏறினாலும் பலன் குறைவு. அதற்குள் நுரையீரல் வீங்கி, ரத்தம் உறைந்து, சேதம் தனி வழியில் போகத் தொடங்கிவிடுகிறது. தீ கூரையைப் பிடித்த பிறகு வரும் தண்ணீர் லாரி மாதிரி. உங்கள் அப்பாவின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தது உண்மைதான். அது எந்த நாளில் வந்தது என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லாது. பிளாஸ்மா பலன் தரக்கூடிய கட்டத்தையும் அவர் தாண்டியிருப்பார். நீங்களும் அந்தப் பையனும் செய்ததில் எந்தக் குறையும் இல்லை, தம்பி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆன்டிபாடியே எதிரியாகிற நிலைமையும் உண்டு. நாற்பது, ஐம்பது வயதில், எந்த நோயும் இல்லாத திடகாத்திரமான ஆண்கள் வென்டிலேட்டருக்குப் போவதைப் பார்த்து நாங்கள் தவித்தோம். 2020 செப்டம்பரில் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஷான்-லோரான் காஸனோவாவின் குழு ஒரு விளக்கம் கொடுத்தது. உயிருக்கு ஆபத்தான நிமோனியா வந்த 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில், உடம்பின் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி இருந்தது. இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் நுழைந்ததும் முதலில் குரல் கொடுக்கும் புரதம். அந்தக் குரலையே நெரித்துவிட்டால் மற்ற படைகள் தாமதமாகத்தான் எழும். அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசாக வந்துபோன அல்லது அறிகுறியே இல்லாத 663 பேரில் ஒருவருக்குக்கூட இது இல்லை. இந்த ஆன்டிபாடி கொரோனாவால் வந்ததில்லை, பலருக்கு முன்பே உடம்பில் இருந்திருக்கிறது. வயது ஏற ஏற இது இருப்பவர்கள் கூடுகிறார்கள் என்பதும் பிறகு தெரியவந்தது. வார்டில் அந்த முகங்களைப் பார்த்த எனக்கு, அந்தக் கட்டுரையைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.


ஈரோடு_வாத்தியார் எழுதியது:

டெங்குவில் இரண்டாம் தடவை வந்தால் பழைய ஆன்டிபாடியே நோயைக் கூட்டிவிடும் என்பார்களே, கொரோனாவிலும் அப்படியா டாக்டர்? எங்கள் தெருவில் ஊசி போட மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.


லெஸ்டர்_டாக்டர் எழுதியது:

நல்ல கேள்வி சார். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒரு வகைக்கு உண்டான ஆன்டிபாடி இன்னொரு வகையோடு அரைகுறையாக ஒட்டி, அதைச் செல்லுக்குள் சேர்த்துவிடும். அந்தப் பயம் கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சியின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. அதனால்தான் அதைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட பிறகும் தெரிந்தது இதற்கு நேர் எதிரானதுதான், ஊசி போட்டவர்களுக்கு நோய் லேசாகவே வந்தது.


மதுரை_அம்மா எழுதியது:

எங்கள் கதை கொஞ்சம் வேறு. இரண்டாம் அலை ஓய்ந்த சமயம், என் மகளுக்கு விடாத காய்ச்சல். கண் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு, தாங்க முடியாத வயிற்று வலி. முதலில் காட்டிய இடத்தில் குடல்வால் என்று சந்தேகப்பட்டார்கள். ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ். குழந்தைகள் டாக்டர் ஒருவர்தான் "வீட்டில் யாருக்காவது போன மாதம் கொரோனா வந்ததா?" என்று கேட்டார். எனக்கும் அவள் அப்பாவுக்கும் வந்திருந்தது, அவளுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. உடனே ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தார். பாஸிட்டிவ்.

எம்ஐஎஸ்-சி என்றார். தொற்று வந்து இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்து, வைரஸ் போன பிறகு, உடம்பின் எதிர்ப்பு மண்டலம் கொந்தளித்து இதயம் வரை பாதிக்கும் நிலை. தொற்று சுவடே தெரியாமல் வந்துபோன குழந்தைக்கும் வரலாம் என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. ஸ்டீராய்டோடு ஐவிஐஜி என்ற மருந்து ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிதான் அதுவாம். எதிர்ப்பு சக்தி கொந்தளிக்கும் குழந்தைக்கு இன்னும் ஆன்டிபாடியா என்று வாய்விட்டே கேட்டேன். அதிக அளவில் ஏற்றினால் அது கொந்தளிப்பை அடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். இதயத்தை எக்கோ எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறாள். அந்த டாக்டரைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.


நெல்லை_வாசகி எழுதியது:

எனக்கு முடக்குவாதம், ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன். அது ஆன்டிபாடி செய்யும் பி செல்களையே காலி செய்துவிடும். தடுப்பூசி இரண்டு டோஸ் போட்ட பிறகும் என் ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி இல்லை. 2022 தொடக்கத்தில் வீட்டில் எல்லாருக்கும் ஒமைக்ரான் வந்தது. அவர்கள் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் போவதும் வருவதுமாக வாரக்கணக்கில் இழுத்தது, டெஸ்டும் பாஸிட்டிவாகவே நின்றது. ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படவில்லை.

ஆன்டிபாடி இல்லாமலே எப்படித் தப்பினேன் என்று என் ருமட்டாலஜிஸ்டிடம் கேட்டேன். வைரஸ் புகுந்த செல்களைத் தாக்கும் டி செல்கள் உங்களுக்கு நன்றாக இருக்கின்றன, தடுப்பூசி அவற்றையும் பழக்கியிருக்கிறது என்றார். இத்தாலியில் பிறவியிலேயே பி செல் இல்லாத இருவருக்கு 2020-ல் கொரோனா நிமோனியா வந்து, வென்டிலேட்டர் இல்லாமலே மீண்டதாகவும் சொன்னார். கேட்கத் தெம்பாக இருந்தது. ஆனாலும் வைரஸை உடம்பிலிருந்து துடைத்து எடுக்க ஆன்டிபாடி எவ்வளவு முக்கியம் என்பதை அந்த வாரங்களில் நன்றாக உணர்ந்தேன். ஆன்டிபாடியால் ஒன்றுமில்லை என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.


ஈரோடு_வாத்தியார் எழுதியது:

லேப் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தொற்று வந்து மீண்ட பிறகு எடுத்ததில் என் அளவு நன்றாக இருந்தது. ஆறு மாதம் கழித்து வேறு லேபில் எடுத்தால் பாதிக்கும் கீழே. பாதுகாப்பு போய்விட்டதா?


திருச்சி_லேப்காரி எழுதியது:

சார், முதலில் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிடவே கூடாது. ஒரு கிட் வைரஸின் முள் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கும், இன்னொன்று உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானதைப் பார்க்கும். அலகும் வேறு. கோவிஷீல்டு முள் புரதத்துக்கு மட்டுமே ஆன்டிபாடி உண்டாக்கும், அதனால் அதை மட்டும் போட்டு, தொற்றே வராதவருக்கு இரண்டாவது வகை டெஸ்டில் நெகட்டிவ்தான் வரும். ஊசி வேலை செய்யவில்லை என்று அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் புரதம் என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கும், அதைத் தேடிப் படியுங்கள்.

அளவு இறங்குவது இயல்பு. நம் மாநிலத்திலேயே 2020 அக்டோபர், நவம்பரில் எடுத்த கணக்கெடுப்பில் ஏறக்குறைய 32 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது, 2021 ஏப்ரலில் எடுத்தபோது சுமார் 23 ஆகிவிட்டது. அதன்பின் இரண்டாம் அலையும் ஊசியும் வந்து, ஜூன், ஜூலையில் 66-க்கு ஏறியது. ரத்தத்தில் இறங்கினாலும் நினைவு பி செல்கள் இருக்கின்றன, எலும்பு மஜ்ஜையில் ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் தங்கியிருக்கின்றன. 2021-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல தடுப்பூசிகளின் தரவைச் சேர்த்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. தொற்றிலிருந்து பாதிப் பேர் தப்பிக்கத் தேவையான அளவு, மீண்டவர்களின் சராசரியில் சுமார் 20 சதவீதம். கடுமையான நோயிலிருந்து தப்பிக்க 3 சதவீதமே போதும். இதில் எந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதை லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால் உங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்துத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

நெல்லை வாசகியின் விஷயம் வேறு. ரிட்டுக்ஸிமாப் போடுகிறவர்களுக்கு முள் புரத டெஸ்ட் உண்மையிலேயே பயன்படும். அம்மா, அடுத்த ரிட்டுக்ஸிமாப் எப்போது? தடுப்பூசி போடுவதாக இருந்தால் அதற்குச் சுமார் நான்கு வாரம் முன்னால் போடுவது நல்லது என்பார்கள். தேதி குறிக்கும் முன் உங்கள் ருமட்டாலஜிஸ்டிடம் பேசிவிடுங்கள்.


நெல்லை_வாசகி எழுதியது:

அடுத்தது ஆடி கழிந்துதான் அக்கா. இந்த வாரமே டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன்.