ரொஸ்தோவ் எனாமல் பெட்டி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
மாஸ்கோவில் படித்த கடைசி வருடம், பிப்ரவரி மாதம். ரயிலேறி ரொஸ்தோவ் போனேன் (டான் நதிக்கரை ரொஸ்தோவ் இல்லை, ரொஸ்தோவ் வெலிக்கி என்ற இன்னொரு ஊர்). அந்த ஊர்க் கோட்டையான கிரெம்ளினின் மதிலை ஒட்டிய கடையில் ஒரு ஃபினிஃப்ட் பெட்டி, அதாவது செம்பின்மேல் கண்ணாடிப் பூச்சு சுட்டு வரைந்த எனாமல் பெட்டி. மூடியில் நேரோ ஏரி, பனி, தூரத்தில் கோபுரங்கள், உறைந்த ஏரிமேல் தூண்டிலோடு ஒருவர். அவர் தொப்பி கடுகளவுகூட இருக்காது. கையுறையைக் கழற்றாமல் எடுத்தேன், வழுக்கிவிட்டது. மேசைக் கண்ணாடியில் டிக் என்று ஒரே சத்தம். ஓரத்தில் நகத்துணுக்கு அளவு வெள்ளை பெயர்ந்து, அடியில் செம்பு தெரிந்தது.

கடைக்கார அம்மா திட்டவே இல்லை. பெயர்ந்த சில்லை விரல்நுனியில் ஒற்றியெடுத்து, காகிதத்தில் மடித்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். காசு கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. அந்தச் செம்புப் புள்ளி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. திரும்பச் சூளையில் வைத்தால் சரியாகுமா?

கருப்புமை:
மாஸ்கோவின் இஸ்மாய்லோவோ சந்தையில், ரஷ்யக் கதைகளில் வரும் நெருப்புப் பறவையும் இளவரசியும் போட்ட கறுப்புப் பெட்டி வாங்கினேன். ஊருக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் இளவரசியின் கன்னம் முழுக்க அச்சுப் புள்ளிகள்! காகிதப் படத்தை ஒட்டி மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. எனாமல் என்றால் செம்புத் தகடு, கையில் சில்லென்று கனக்கும். பலேக், ஃபெதோஸ்கினோ, ம்ஸ்த்யோரா, ஹோலுய் என்ற நான்கு ஊர்களின் வார்னிஷ் பெட்டிகளும் காகிதக்கூழ், லேசாக இருக்கும். பலேக் ஓவியர்கள் ஐகான் என்ற கிறிஸ்தவப் புனிதப் படங்கள் எழுதிக்கொண்டிருந்தவர்கள். புரட்சிக்குப் பிறகு அந்த வேலை நின்றுபோக, 1924-ல் கூட்டுறவு தொடங்கிப் பெட்டிக்கு வந்தார்கள். முட்டை மஞ்சள்கருவில் வண்ணம் குழைப்பார்கள், தங்கக் கோட்டை ஓநாய்ப் பல்லால் தேய்த்து மினுக்குவார்கள். அச்சில் அந்த மினுக்கம் வராது. ஊர், ஓவியர் பெயர், வருடம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் தொடாதீர்கள். வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள்.

மாடிவீடு:
கருப்புமை, ஓவியர் பெயர் இல்லையென்றால் தொடாதீர்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபெதோஸ்கினோ பெட்டிகளுக்கு முன்னோடியான, புரட்சிக்கு முந்தைய லுகூத்தின் குடும்பப் பட்டறைப் பெட்டிகளில் பெரும்பாலும் மூடியின் உள்பக்கம் பட்டறை முத்திரைதான் இருக்கும். ஓவியர் பெயர் இல்லை என்று அதைப் போலி என்பீர்களா?

அப்பா சோவியத் காலத்தில் அங்கே மருத்துவம் படித்தவர். கொண்டுவந்தது ஃபெதோஸ்கினோ பெட்டி, மூன்று குதிரை பூட்டிய பனிவண்டி. அம்மா அதில் குங்குமம் போட்டுப் பூஜையறையில் வைத்துவிட்டார். அப்பா போன பிறகு ஒருநாள் சன்னலோரம் எடுத்துத் துடைத்தேன். வெளிச்சம் பட்டதும் வண்டிக்குப் பின்னால் வானம் விடிகிற மாதிரி ஒளிர்ந்தது! எண்ணெய் வண்ணத்துக்கு அடியில் முத்துச்சிப்பி பதித்திருக்கிறார்கள். இத்தனை வருடம் இருட்டு மூலையில் கிடந்திருக்கிறது. அப்பாவிடம் அதைக் காட்ட முடியவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

ஊர்சுற்றி அண்ணா, சூளைக்கு மட்டும் போகக் கூடாது. 700, 800 டிகிரியில் பல தடவை சுட்டு வந்த வண்ணம் அது. இன்னொரு தடவை சுட்டால் நிறம் மாறும், விரிசலும் ஓடலாம். பழுது பார்ப்பவர்கள் சுடாமல் பிசின் வைத்துத்தான் அடைப்பார்கள். சில்லு பத்திரமாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம்.

ஊர்சுற்றி:
அப்படியென்றால் அந்த அம்மா சில்லைக் காகிதத்தில் மடித்து உள்ளேயே வைத்தது அதற்குத்தான். எனக்கு இப்போதுதான் புரிகிறது.