பழைய விசைப்படகுக்கு எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி தேவைப்படும்?

காசிமேட்டுப் படகுக்காரன்:
எங்கள் குடும்பத்திடம் இருபது ஆண்டுப் பழைய மர விசைப்படகு ஒன்று உள்ளது. எஞ்சினைக் கிளப்புவதற்கும், விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஆகிய அனைத்துக்கும் ஒரே 12 வோல்ட் லாரி பேட்டரிதான். சென்ற பருவத்தில் இரவு நங்கூரமிட்டுப் படுத்து, விடியலில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவே இல்லை. பக்கத்துப் படகில் பேட்டரி இரவல் வாங்கித்தான் கரை சேர்ந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இதைச் சரிசெய்ய எண்ணுகிறேன். 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றே போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

ராயபுரம் மின்பணியாளர்:
சற்றுப் பொறுங்கள். எஞ்சின் நிற்கும் நேரத்தில் எந்தக் கருவி எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் இழுக்கிறது என்று முதலில் எழுதுங்கள். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ஆம்பியர்-மணி.

காசிமேட்டுப் படகுக்காரன்:
இரவு பத்து மணி நேரம். எல்இடி விளக்குகள் 3 ஆம்பியர், ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் சேர்ந்து 2, வயர்லெஸ் அரை ஆம்பியர். தண்ணீர் இறைக்கும் பம்ப் 5 ஆம்பியர், மொத்தம் ஒரு மணி நேரம். இன்வெர்ட்டரில் இரண்டு மின்விசிறிகள், இரண்டும் சேர்ந்து 60 வாட், எட்டு மணி நேரம்.

ராயபுரம் மின்பணியாளர்:
முதல் நான்கும் சேர்ந்து 60 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டர் தன் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுப்பதால், மின்விசிறிக்கு மட்டுமே 48 போய்விடுகிறது! தலா 1 ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் மின்விசிறிகளை மாட்டினால் அது 16 ஆகக் குறையும், மொத்தம் 76. படுத்தபின் எக்கோ யாருக்காக ஓடுகிறது என்பதையும் யோசியுங்கள். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 150 முதல் 160 ஆம்பியர்-மணி கொண்ட ஆழ்மின்னிறக்க (டீப் சைக்கிள்) வகையை, அதாவது நெடுநேரம் சிறுகச் சிறுக மின்சாரம் தரும் பேட்டரியை, விளக்கு, கருவிகளுக்கென்று தனியாக வையுங்கள். லாரி பேட்டரி ஒரு நொடி பெரும் மின்னோட்டம் தருவதற்கென்றே மெல்லிய தகடுகளால் ஆனது. அதை எஞ்சினுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

கப்பல் பட்டறைக்காரர்:
லித்தியம் கெட்டதல்ல, உங்கள் பழைய டைனமோதான் அதற்கு ஈடுகொடுக்காது. உள்தடை குறைவான அந்த பேட்டரி மணிக்கணக்கில் முழு மின்னோட்டத்தை இழுப்பதால் டைனமோ சூடேறிக் கருகும். இடையில், பேட்டரி இழுக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் இணைக்காதீர்கள். அதைவிட முக்கியம் ஒயர். பேட்டரியிலிருந்து வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) 10 மீட்டர் தொலைவு என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் போய்த் திரும்பும்போது ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டரில் 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரையே வாங்குங்கள், உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும்.

காசிமேட்டுப் படகுக்காரன்:
நன்றி ஐயா. அப்படியானால் ஒயரில் தொடங்குகிறேன். தடைக்காலத்தில் பேட்டரிகளைப் படகிலேயே விடலாமா?

கப்பல் பட்டறைக்காரர்:
முழுவதும் சார்ஜ் ஏற்றி, கழற்றி நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள். பாதி இறங்கிய நிலையில் 61 நாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, ஜூனில் மறுபடியும் இரவல் பேட்டரி தேட வேண்டியிருக்கும்.