திருகோணமலையில் எல்ஜிபிடி நிலையம்: தொண்டர்கள் எப்படி நடத்துவது?

கடலோரம் (கேள்வி):
வணக்கம் உறவுகளே. திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்புள்ளவர்கள் வந்து ஆறுதலாக இருக்க, கதைக்க, உதவி கேட்கத் திருகோணமலை நகருக்குள் ஒரு சிறிய நிலையம் தொடங்குகிறோம். இரண்டு அறையுள்ள வீடு வாடகைக்குப் பார்த்தாயிற்று. சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை, எல்லோரும் தொண்டர்களே. மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். பொறுப்புகளை எப்படிப் பிரிப்பது? பதிவு தேவையா? பொலிசோ வீட்டு ஆட்களோ வாசலுக்கு வந்தால் அங்கே நிற்கும் தொண்டர் என்ன சொல்ல வேண்டும்? இயற்கைக்கு மாறான பாலுறவு என்று தண்டிக்கும் 365ஆம் பிரிவு சட்டத்தில் இருக்கும்வரை நிலையம் வைப்பதே குற்றம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.

உவர்மலை:
திறப்பு, காசு, போன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேரவே கூடாது. தொண்டர்கள் நடத்தும் நிலையங்கள் வெளியார் எதிர்ப்பால் மூடப்படுவதைவிட, ஓடியாடி வேலை செய்த ஒருவர் களைத்து விலகும்போது திறப்பும் கணக்கும் தொடர்புகளும் அவரோடு போய்விடுவதால் மூடப்படுவதே அதிகம்.

திறப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும், அவர்கள் ஒரே வீட்டு ஆட்களாக இருக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் மூன்று பேரின் பெயர், எந்த இருவர் கையெழுத்திட்டாலும் காசு எடுக்கலாம் என்ற ஏற்பாடு. கைக்காசுப் பெட்டியில் ஒரு கிழமைச் செலவுக்கு மேல் வைக்க வேண்டாம். ஓட்டோ, தேத்தண்ணி என்று பற்றுச்சீட்டு கிடைக்காத செலவுக்கு வவுச்சர் எழுதி இருவர் ஒப்பமிட வேண்டும். மாதக் கூட்டத்தில் கணக்கை வாய்விட்டு வாசியுங்கள். சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுக்கிறீர்களோ நம்பர் அவருக்கே சொந்தம். ஆகவே நீண்ட காலம் ஊரில் இருக்கக்கூடியவரின் பெயரில் எடுத்து, வாட்ஸ்அப்பின் இரண்டாம் கட்டப் பின் நம்பரை இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு முறைக்கு நாலு மணித்தியாலம், எப்போதும் இரண்டு தொண்டர்கள். ஒருவர் வாசலில், மற்றவர் வந்தவரோடு. துணைத் தொண்டர் வரவில்லை என்றால் அன்றைக்குத் திறக்காதீர்கள், எவ்வளவு அவசரமென்றாலும். தற்கொலை எண்ணத்தோடோ அடி வாங்கியோ வந்த ஒருவரோடு இருந்த தொண்டருக்கு அன்று அடுத்த ஆளைக் கொடுக்க வேண்டாம். மூடுவதற்கு முன் கால் மணித்தியாலம் இருவரும் இருந்து கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இதைத் தவிர்த்தால் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மெல்ல மெல்ல வராமலே விட்டுவிடுவார்கள். முடிந்தவரை ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்குச் சிங்களம் நன்றாக வரட்டும். கந்தளாய்ப் பக்கத்து ஆட்களும் வருவார்கள்.

மாலை ஆறு மணிக்குத் திறந்தால் ஆண்கள் மட்டுமே வருவார்கள். வீட்டில் பெண்பிள்ளையாக வளர்க்கப்படும் திருநம்பிக்கும், தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்கும் ரியூசன் நேரமே வெளியே வரக் கிடைக்கும் நேரம். சனி பிற்பகல் பொருந்தும். வெள்ளி மதியம் ஜும்மா நேரத்தை விடுங்கள். மூடும் நேரத்தை மூதூர், கிண்ணியாவுக்கான கடைசி பஸ்ஸைப் பார்த்து வையுங்கள்.

புதுத் தொண்டரை முதல் மாதம் தனியாகப் பொறுப்பில் விடக்கூடாது. இரண்டு விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தன்னிடம் உதவிக்கு வந்தவரோடு உறவு தொடங்குவதில்லை. அவரோடு காசு கொடுக்கல் வாங்கல் இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் வந்தால் கதவைத் திறந்து வைத்து, இரண்டு தொண்டர்களும் கூட இருக்க வேண்டும். வீட்டில் வன்முறை நடக்கிறது என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள்.

நிலாவெளி:
சட்டத்துக்கு வருகிறேன். 1883 தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ இரண்டும் இன்னும் நீக்கப்படவில்லை. 1995 திருத்தத்தில் 365ஏ ஆண்களோடு நிற்காமல் பெண்களுக்கும் பொருந்தும்படி மாற்றப்பட்டது. ஆனால் இரண்டும் தண்டிப்பது பாலியல் செயலை. ஒருவர் திருநங்கையாக, தன்பாலீர்ப்பாளராக இருப்பதையோ, நாலு பேர் கூடிக் கதைப்பதையோ, ஆணுறை வைத்திருப்பதையோ அவை குற்றமாக்கவில்லை. அமைதியாகக் கூடவும் சங்கம் வைக்கவும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. 365, 365ஏ பிரிவுகளைத் திருத்த வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. நிலையம் வைப்பது குற்றமில்லை. பயமுறுத்துகிறவருக்கு இதையே சொல்லுங்கள்.

நடைமுறையில் திருநங்கையரை அதிகம் துன்புறுத்துவது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும்தான். அது நிலையத்துக்குள் நடப்பதில்லை, வெளியே தெருவில் நடக்கும். மூடிய பின் வாசலில் கும்பலாக நின்று கதைக்க விடாதீர்கள். அடையாள அட்டையோடு, இரண்டு இரண்டு பேராகப் போகட்டும்.

பதிவு: கிராம மட்டச் சங்கமாகப் பதிவதைப் பற்றிப் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். யாப்பு, நிர்வாகக் குழுப் பெயர்கள், கூட்டக் குறிப்பு தயாராக இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க வங்கியும் இவற்றையே கேட்கும். வெளிநாட்டு நிதி எடுக்கும் எண்ணம் இருந்தால் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டப்படி தொண்டர் அமைப்பாகப் பதிவதைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். யாப்பில் பொய் எழுத வேண்டாம். சுகாதாரம், சட்ட அறிவு, பால்நிலைச் சமத்துவம் என்று எழுதினால் அது உண்மையும்தான், போதுமானதும்தான்.

பொலிஸ் வந்தால் வாசல் தொண்டர் வெளியே போய்க் கதைக்க வேண்டும். பெயர், இலக்கம், எந்த நிலையம், என்ன முறைப்பாடு என்று மரியாதையாகக் கேட்டு, அவர்கள் பார்க்கவே கொப்பியில் எழுதுங்கள். தேடுதல் என்றால் பிடியாணையைக் காட்டச் சொல்லுங்கள். மறித்து மல்லுக்கட்ட வேண்டாம், நடந்ததைக் குறிப்பெடுத்தால் போதும். உரிமை மீறல் நடந்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. திருகோணமலையில் அவர்களின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அவசர இலக்கம் 1996. பயத்தில் ஒரு மாதத்தைக் கடத்திவிட்டால் நல்ல வழக்கும் கைவிட்டுப் போகும்.

கன்னியா ஊற்று:
மேலே இரண்டு பேரும் சொல்லாதது சுகாதாரப் பக்கம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய்க் கிளினிக்கில் எச்ஐவி பரிசோதனை இலவசம். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் வந்தவரை அடுத்த நாளைக்குத் தள்ளாதீர்கள். தடுப்பு மருந்தை அந்த நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. கிளினிக் பூட்டியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு.

ஹோர்மோன் அளவு பற்றித் தொண்டர் வாயே திறக்கக்கூடாது. கடையில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கி ஒரு நாளைக்கு நாலைந்து விழுங்கும் திருநங்கைகள் இருக்கிறார்கள். இரத்தம் உறைய வைக்கும் பழக்கம் அது. ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு முட்டினால், நெஞ்சு குத்தினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

அடையாள அட்டையில் பெயர், பால் மாற்றக் கேட்டு வருவார்கள். 2016 முதல் அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது: உளநல மருத்துவரைக் கண்டு பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறுவது, அதைக் கொண்டு பதிவாளர் வழியாகப் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது, பிறகு கிராம அலுவலர் ஊடாகப் புது அடையாள அட்டை. வரிசை மாறினால் ஒவ்வொரு கந்தோரும் திருப்பி அனுப்பும். கிராம அலுவலரிடம் தனியாகப் போகவே பலர் கூசுவார்கள், அங்கே ஒரு தொண்டர் கூடப் போனால் பெரிய உதவி.

கடலோரம்:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. வருகைப் பதிவேடு வைக்க வேண்டாமா, நிதி தருபவர் கேட்பாரே? தகப்பனோ தமையனோ வந்து “பிள்ளை இஞ்ச இருக்கோ?” என்று கேட்டால்?

உவர்மலை:
பெயர், ஊர், போன் எழுதும் கொப்பி மேசையில் கிடந்தால் அடுத்து வருபவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். கிண்ணியாவில் ஒரு தெரு, ஒரு முதலெழுத்து போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள். திகதிக்கு எதிரே ஆளுக்கு ஒரு கோடு, வந்த காரணத்துக்கு ஒரு எழுத்து: சுகாதாரத்துக்கு சு, சட்டத்துக்கு ச, கதைக்க வந்தவருக்கு க. நிதி தருபவருக்கு எண்ணிக்கை காணும். மீண்டும் தொடர்புகொள்ள வேண்டியவருக்கு மட்டும் அவரே தெரிவு செய்த பெயரில் ஒரு குறிப்பு, அதுவும் பூட்டிய லாச்சிக்குள்.

வீட்டு ஆட்களுக்கு எப்போதும் ஒரே பதில்: “இஞ்ச ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை ஐயா.” பிள்ளை உண்மையிலேயே வராத நாளிலும் இதே பதில்தான். ஒரு நாள் “இல்லை” என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை நீங்கள் பதில் சொல்லாமல் நிற்பதே “இருக்கிறார்” என்று ஆகிவிடும். தண்ணீர் கொடுங்கள், இருக்கச் சொல்லுங்கள், ஆனால் உள்ளே விட வேண்டாம். உள்ளே ஆள் இருந்தால் இரண்டாவது தொண்டர் பின்பக்கத்தால் கூட்டிக்கொண்டு போகட்டும். அதனால் ஒரே வாசல் உள்ள வீட்டை எடுக்காதீர்கள்.

வீட்டுக்காரரிடம் யார் வருவார்கள் என்பதை முற்பணம் கொடுக்க முன்பே சொல்லுங்கள். பிறகு அயலவர் வாயால் கேள்விப்பட்டால் முற்பணமும் திரும்பாது, சாமான்களும் தெருவில் நிற்கும். ஒப்பந்தத்தில் “கூட்டம், பயிற்சி, ஆலோசனை” என்று பாவனையை எழுதி, விலக்குவதற்கு மூன்று மாத முன்னறிவித்தல் போட்டு, உங்கள் பக்கம் இருவர் கையெழுத்திடுங்கள்.