அல்பைன் போட்டால் பில்ட் பறக்குமா?

பழைய_சர்வர்:
டாக்கர் கன்டெய்னர் இமேஜ் கட்டுவதைப் பற்றி, "பேஸ் இமேஜை (அடியில் இருக்கும் லினக்ஸ்) அல்பைனுக்கு மாற்றுங்கள், கிளவுடில் பில்ட் பறக்கும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. அல்பைன் ஒரு குட்டி லினக்ஸ். அதில் இருக்கும் சி லைப்ரரி மஸ்ல், மற்ற பல லினக்ஸ்களில் ஜிலிப்சி. பைதான் வீல்கள், அதாவது முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்கள், பெரும்பாலும் ஜிலிப்சிக்குக் கட்டியவை. பொருந்தும் வீல் கிடைக்காவிட்டால் பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) சோர்ஸை இறக்கி அங்கேயே கம்பைல் செய்யும். போன மாதம் 'பில்டிங் வீல்' என்ற வரி 14 நிமிடம் அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஸ்லிம்முக்கு (ஜிலிப்சி உள்ள சிறிய டெபியன் இமேஜ்) மாற்றினேன், அதே வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

தேனீ72:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாமே. அல்பைன் 10 எம்பிகூட இல்லை. சின்னதை இழுப்பது வேகமா, பெரியதை இழுப்பதா? மஸ்ல்லுக்கென்றே கட்டும் மஸ்ல்லினக்ஸ் வீல்களுக்கு 2021இலேயே பெப் 656 என்ற பைதான் தரநிலை வந்துவிட்டது. நீங்கள் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறீர்கள்.

பழைய_சர்வர்:
எல்லா பேக்கேஜுக்கும் வந்துவிட்டதா? ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் ஜிசிசி கம்பைலரை ஏற்ற வேண்டும். அப்புறம் அதே 14 நிமிடம்.

இரவுப்பணி:
இருவரும் கேஷை, அதாவது முந்தைய பில்டில் சேமித்த லேயர்களை (இமேஜின் அடுக்குகளை), மறந்துவிட்டீர்கள். பில்ட் ஓடும் கிளவுட் ரன்னர் ஒவ்வொரு முறையும் புது மெஷின், அதில் பழைய லேயர் ஒன்றும் இருக்காது. கேஷை, இமேஜ்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வையுங்கள், மோட்=மேக்ஸ் கொடுங்கள். சும்மா விட்டால் மோட்=மின்தான். இறுதி இமேஜின் லேயர்கள் மட்டும் ஏறும், நடு பில்ட் ஸ்டேஜ்களின் லேயர்கள் போய்விடும். கேஷ் மவுண்டில் (பிப் இறக்கியதையெல்லாம் வைக்கும் தனி இடம்) உள்ளதும் இதில் ஏறாது. பேக்கேஜ் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை முதலில் காப்பி செய்யுங்கள், சோர்ஸ் கோடு பின்னால் வரட்டும், அது மாறினாலும் பேக்கேஜ் லேயர் அப்படியே இருக்கும்.

பழைய_சர்வர்:
நான் கேஷைப் பற்றிப் பேசவில்லை, அல்பைனைப் பற்றிப் பேசுகிறேன். ரெக்வயர்மென்ட்ஸில் ஒரு வரி மாறினால் அந்த லேயர் போச்சு. மறுபடி 14 நிமிடம்.

சொல்லாய்வு:
'கொள்கலன்' என்று அழகான சொல் இருக்கிறது. ஒருவருக்குக்கூட எழுத மனம் வரவில்லையா?

இரவுப்பணி:
ஐயா, பிழைச் செய்தியில் 'கன்டெய்னர்' என்றுதான் வருகிறது. கொள்கலன் என்று தேடினால் துறைமுகம்தான் வரும்.

சொல்லாய்வு:
எழுதாமலே இருந்தால் எப்படி வரும்? போன தடவையும் என்னை இப்படித்தான் மடக்கினீர்கள்.

தேனீ72:
பழைய_சர்வர், அந்த 14 நிமிடம் ஆர்ம்64 சிப்புக்கான பில்டா? எக்ஸ்86 சிப் மெஷினில் எமுலேஷன் (வேறு சிப்பைப்போல நடிக்க வைப்பது) வைத்துக் கட்டினால் கம்பைல் இழுக்கத்தான் செய்யும். பழியை அல்பைன்மேல் போடாதீர்கள். பில்ட் லாக்கை (பதிவை) போடுங்கள்.

பழைய_சர்வர்:
எமுலேஷனே இல்லை. லாக் கம்பெனியுடையது, பொதுவில் போட முடியாது. பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், எனக்கு எமுலேஷன் பாடம் வேண்டாம். உங்கள் பைதான் சர்வீஸை நோ-கேஷ் கொடுத்து இரண்டிலும் ஓட்டுங்கள், நேரத்தை இங்கே எழுதுங்கள்.

தேனீ72:
எங்களுடையது மூன்றும் கோ மொழியில் எழுதிய சர்வீஸ். அல்பைனில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

பழைய_சர்வர்:
கோவா? பிப்பே ஓடாத இடத்தில் அனுபவப்பட்டுவிட்டு எல்லோருக்கும் அல்பைனைச் சொன்னீர்களா?

தேனீ72:
பைதான் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள்.

பழைய_சர்வர்:
படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 14 நிமிடம்.